காற்று அடைக்கும் பெருந்தெரு

பனி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் நேயர்களின் மனக்கண் முன் தோன்றுவது, மார்கழிக் காலையில் புல்லின் நுனியில் நிற்கும் நீர்த்துளியே. வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். வட அமெரிக்காவின் உயர்ந்த சமவெளிகளிற் பெய்யும் வெண்பனியோ அத்தகையதன்று. அது மாவைப் போல உலர்ந்தது. நிலத்தில் வீழ்ந்த பின்னரும் ஓய்ந்து கிடவாது, காற்று எழுந்தால் தானும் எழுந்து ஓடும். அந்த வெண்பனியும் காற்றும் சேர்ந்து ஒரு பெருந்தெருவை எவ்வாறு அடைக்கின்றன என்பதும், அதன் சுமையைத் தாங்குவோர் யாவர் என்பதுமே இப்பேச்சின் பொருளாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் 80ஆம் இலக்கப் பெருந்தெரு, கிழக்கே நியூ யோர்க் நகரின் அயலிலிருந்து மேற்கே சான் பிரான்சிஸ்கோ வரை ஏறக்குறைய 2,900 மைல் நீண்டு செல்கிறது. அதில் 400 மைல் வயோமிங் மாநிலத்தினூடாகச் செல்கிறது. ஆங்கு ஓடும் வாகனங்களில் ஏறக்குறையப் பாதி, நெடுந்தூரம் பொருள் ஏற்றிச் செல்லும் பெரிய லொறிகள். மேற்குக் கரையில் விளையும் காய்கறியும், துறைமுகத்தில் இறங்கும் பண்டமும் இவ்வழியாகவே கிழக்கு நகரங்களுக்குப் போகின்றன. ஆகவே வயோமிங்கில் தெரு அடைபட்டால், அதன் விளைவு ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கடைகளிலும் தெரியும்.

அம்மாநிலத்தில் லாரமி என்னும் ஊருக்கும் வால்கொட் சந்திக்கும் இடைப்பட்ட 77 மைல், லொறி ஓட்டுவோர் பெரிதும் அஞ்சும் பகுதி. 1868ஆம் ஆண்டில் அப்பக்கமாகப் புகையிரதப் பாதை அமைத்தவர்கள், மலையடிவாரத்தை விட்டு விலகி, வடக்கே வளைந்து சென்றார்கள். பின்னர் 1913ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட லிங்கன் பெருந்தெருவும் அந்த வளைவையே பின்பற்றியது. ஆனால் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடெங்கும் புதிய பெருந்தெருக்கள் அமைக்கப்பட்ட காலத்தில், வளைவை நீக்கி, எல்க் மலையின் அடிவாரத்தை ஒட்டி நேராகத் தெருவிடத் தீர்மானித்தனர். அதனால் ஏறக்குறைய 20 மைல் குறையும் என்பது கணக்கு. அம்மலைச் சாரலில் மாடு வளர்த்து வாழ்ந்தவர்கள், அங்கு வீசும் காற்றை எடுத்துக் கூறி எச்சரித்தனர். அவர்களது சொல் ஏறவில்லை. 1970ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தெரு திறக்கப்பட்டது. முதற் குளிர்காலமே அவர்கள் கூறியது மெய்யென்று காட்டியது. வியட்நாம் போர் நடந்த காலமாதலால், போர்முனையின் ஹோ சி மின் பாதையை நினைந்து, மக்கள் இதற்கு ‘ஸ்னோ சி மின் பாதை’ என்று பெயரிட்டனர். ஸ்னோ என்பது வெண்பனி.

இங்கே இடர் விளைப்பது வானத்திலிருந்து வீழும் பனி மாத்திரமன்று. மேற்கிலிருந்து வரும் காற்று மலைகளுக்கு இடையேயுள்ள தாழ்ந்த வெளியில் நெருக்குண்டு விரைகிறது. மேகமற்ற நாளிலும் அது தரையில் கிடக்கும் பனியை வாரித் தெருவின் குறுக்கே வீசும். அவ்வேளையில் முன்னே செல்லும் வண்டியின் பின்விளக்கும் தோன்றாது.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களுள் றொனல்ட் டாப்ளர் என்ற ஆய்வாளர் முதன்மையானவர். அவருடைய ஆராய்ச்சியின் பயனாகக் காற்று வரும் திசையில் உயரமான மரவேலிகள் நிறுத்தப்பட்டன. அவ்வேலியில் ஏறக்குறையப் பாதி வெளியாகவே விடப்படும். காற்று அதனூடே புகும்போது வேகம் குன்றித் தான் சுமந்த பனியை வேலிக்கு அப்பால் இறக்கிவிடும். அக்குவியல் வேலியின் உயரத்தைப் போல முப்பத்தைந்து மடங்கு தூரம் வரை நீளக்கூடும். ஆகையால் 12 அடி வேலியைத் தெருவிலிருந்து 420 அடிக்குக் குறையாமல் விலக்கி நாட்டவேண்டும். இவ்வேலிகளால் இடர் பெரிதும் குறைந்தது. எனினும் முற்றாக நீங்கவில்லை.

காற்று மிகுந்தால் அதிகாரிகள் தெருவின் குறுக்கே கதவை இறக்கிவிடுவர். அதை மீறுவோருக்கு 750 டொலர் வரை அபராதமும் 30 நாள் வரை சிறையும் விதிக்கலாம். லொறிகள் அயலூர்களிலே தங்கும். அவ்வூர்களில் நிறுத்த இடமின்றிப் போனால், இன்னும் பின்னேயுள்ள ஊரிலும் கதவு இறங்கும். இவ்வாறு, புயல் இல்லாத இடத்திலும் தெரு அடைபடுவதுண்டு. தெற்கே கொலராடோ வழியாகச் செல்லலாமெனின், அத்தெருவும் 11,000 அடிக்கு மேல் ஏறுவது. அதுவும் பனியால் அடைபடுவது.

காத்து நிற்கும் லொறிச் சாரதியின் நிலை என்ன? அந்நாட்டில் நெடுந்தூரச் சாரதிகள் பலருக்கு ஓடிய மைலுக்கே கூலி. சக்கரம் சுழலாத நாளில் வருவாய் இல்லை, அல்லது மிகச் சொற்பம். சட்டப்படி ஒருவர் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துள் 11 மணி நேரமே ஓட்டலாம். கதவு திறக்கும் வேளையில் அவருடைய நேரம் முடிந்திருக்கவும் கூடும். ஒப்படைக்கவேண்டிய தவணை தவறினால் பொருளை இறக்கவும் மீண்டும் காத்திருக்க வேண்டும். பாரமின்றி வெறுமையாகத் திரும்பும் லொறிக்கோ வேறோர் ஆபத்து: பனியே இல்லாவிடினும் பெருங்காற்று அதனைப் பக்கவாட்டில் சாய்த்துவிடும்.

இத்தனைக்குமிடையில், தெரு அடைபடுமுன் கடந்துவிடலாம் என்ற ஆசை சாரதியின் உள்ளத்தில் எழுவது இயல்பே. அந்த ஆசையினால் உயிர் துறந்தோரும் உளர். கதவை இறக்குபவர் அவர்களுக்குப் பகைவரல்லர். ஆயினும், காத்திருப்பதற்குக் கூலியும், நிற்பதற்கு இடமும் உறுதியாகக் கிடைக்குமாயின், அந்த எச்சரிக்கைக்கு மனமுவந்து பணிவோர் இன்னும் பலராவர்.

அன்று தெருவின் நீளத்தில் மீதப்படுத்திய 20 மைலின் விலையை, குளிர்காலந்தோறும் மூடிய கதவின் முன் நிற்கும் சாரதிகளே செலுத்தி வருகின்றனர். ஒரு வழியை வகுப்போர் அதன் தூரத்தை மட்டும் அளந்தாற் போதாது. அந்த நிலத்தின் காற்றை அறிந்து வாழ்வோரிடமும் கேட்டறிதல் வேண்டும்.