லோசானில் தொடங்கிய தமிழ் நூலகம்

புத்தளம் கரையோரத்துப் பள்ளிவாசல்துறையில் ஒரு மாணவிக்குச் சீறாப்புராணம் வேண்டுமென்றால், கையிலுள்ள தொலைபேசியே போதும். காசு கட்டத் தேவையில்லை. இதற்கு வழி செய்தவர்களில் முதன்மையானவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம்.

1971இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் தட்டச்சு செய்தார். இலவச மின்னூல்களின் தொடக்கம் அதுதான்.

தமிழில் அந்தப் பணியை முன்னெடுத்த கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். கணினியில் தமிழ் எழுதவே சிரமமாக இருந்த காலத்தில், ‘மயிலை’ என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். பிறகு 1998 பொங்கல் நாளில், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கும் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது.

சம்பளம் வாங்கும் ஊழியர் எவரும் இதில் இல்லை. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஓய்வு நேரத்தில் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் பிழை திருத்தினார்கள். திருக்குறள், சங்கப் பாடல்கள், தேவாரம், கம்பராமாயணம், உமறுப்புலவரின் சீறாப்புராணம் எல்லாம் இப்படித்தான் இணையத்துக்கு வந்தன.

2005இல் ஈழத்து நூல்களுக்காக ‘நூலகம்’ திட்டமும் பிறந்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு மின்பிரதியின் அருமை நன்றாகவே தெரியும்.

உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய நூலோ ஊர் மலரோ இருந்தால், கறையான் அரிக்குமுன் இத்தகைய ஆவணக் காப்பாளர்களிடம் காட்டுங்கள்.