மறைக்கப்பட்ட குறையும் வாகனக் கொள்வனவும்



தானியக் குவியலொன்றினுள் கையை நுழைத்த நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என வியாபாரியை அன்னார் கண்டித்தார்கள்.

இன்று பெரும் வாகன விற்பனை நிலையங்களில், மினுங்கும் வர்ணத்தின் கீழ் விபத்தின் வடு மறைந்திருக்கின்றது. மீற்றர் பின்னோக்கித் திருப்பப்படுவதுமுண்டு. யப்பானிலிருந்து வந்த வாகனமாயின் ஏல அறிக்கையைக் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளை முற்பணம் கொடுக்குமுன் மெக்கானிக் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

“பின்னர் நாம் பொறுப்பல்ல” எனப் பற்றுச்சீட்டில் அச்சிட்டுவிட்டால் வாகனத்தின் குறையை மறைத்தவர் தப்பிவிட முடியாது. ஷாபிஈ மத்ஹபில், விற்பனைக்கு முன்பே இருந்த குறைக்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஆனால் அறிந்தவுடன் தாமதியாது திருப்ப வேண்டும். ‘பெருநாளைக்கு நுவரெலியா போய்வந்து பார்ப்போம்’ என ஓட்டித் திரிபவர் அவ்வுரிமையை இழக்கின்றார்.