கடல் கடந்த வாணிகமும் வரியும்

 

ஆரணியில் நெய்த பட்டுச் சேலையை இலண்டனில் வாழும் ஒருவர் கைபேசியில் கண்டு, அன்றே விலை செலுத்தி வாங்கும் காலம் இது. கடை வாடகையின்றி, வீட்டிலிருந்தபடியே இவ்வாணிகத்தை நடத்தலாம். ஆயினும் அச்சேலை இரண்டு அரசுகளின் வாயில்களைக் கடந்தாக வேண்டும். அங்கே யார், எவ்வளவு வரி செலுத்துவது என்பதை விற்பதற்கு முன்பே முடிவு செய்யாதவர், இலாபத்தோடு முதலையும் இழக்க நேரிடும்.

முதல் வாயில் இந்தியாவினுடையது. ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. சுமை இல்லை. பதிவு பெற்ற வணிகர் எல்.யு.டி. எனப்படும் உறுதிமொழிக் கடிதத்தை நிதியாண்டுதோறும் அளித்து, வரி செலுத்தாமலே பொருளை அனுப்பலாம். அல்லது வரியைச் செலுத்திப் பின்னர்த் திரும்பப் பெறலாம். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வழங்கும் ஐ.இ.சி. எண்ணும் தேவை.

இரண்டாவது வாயில், பொருள் சென்று சேரும் நாட்டினுடையது. நுகர்வு எங்கு நிகழ்கிறதோ, அந்நாட்டுக்கே வரி உரியது என்பதே இங்குள்ள அடிப்படை.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரி முதல் அங்கே 135 பவுண்டு வரை மதிப்புள்ள பொதிக்கு வாட் வரியை விற்பனையின்போதே வாங்கிவிட வேண்டும். பெரிய இணையச் சந்தை வழியாக விற்றால், அச்சந்தையே வரியை வசூலித்துச் செலுத்தும். சொந்த இணையதளத்தில் நேரடியாக விற்பவரோ, பிரிட்டனில் வாட் பதிவு பெற வேண்டும். சேலை 100 பவுண்டு, அனுப்பும் செலவு 20 பவுண்டு எனில், 20 விழுக்காடு வாட் 24 பவுண்டு ஆகும்.

மதிப்பு 135 பவுண்டைக் கடந்தால் கணக்கு மாறும். சேலை 200, அனுப்பும் செலவு 30, ஆக 230 பவுண்டு. கணக்கின் எளிமைக்காகச் சுங்கத் தீர்வை 10 விழுக்காடு என்று கொண்டால் 23 பவுண்டு. வாட் இத்தீர்வையையும் சேர்த்த 253 பவுண்டின்மீது கணக்கிடப்படும்; அது 50.60 பவுண்டு. ஆக, 200 பவுண்டுச் சேலைக்கு வாயிலில் 73.60 பவுண்டு கேட்கப்படும். இதனை முன்னரே அறியாத வாடிக்கையாளர் பொதியை வாங்க மறுத்தால், போகவர இருவழிச் செலவும் விற்றவர் தலையில் விழும். திரும்பி வந்த பொருள் தாம் அனுப்பியதே என்று ஆவணங்களால் நிறுவினால்தான், இந்தியச் சுங்கத்திலும் தீர்வை விலக்குக் கிடைக்கும்.

பிற நாடுகளும் இவ்வழியிலேயே செல்கின்றன. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொதிகளின்மீதும், சிங்கப்பூர் 2023 ஜனவரி முதல் 400 சிங்கப்பூர் டாலர் வரையிலான பொதிகளின்மீதும் தம் ஜி.எஸ்.டி.யை விரித்தன. ஆயினும் குறித்த அளவுக்கு மேல் விற்பனை உள்ளவர்க்கே அங்குப் பதிவுக் கடமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்கு இருந்த வாட் விலக்கை 2021 ஜூலையில் நீக்கியது.

அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பொதிகள் தீர்வையின்றி நுழைந்த சலுகை, 2025 ஆகஸ்டு 29 அன்று முடிவுற்றது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறையே அந்நாட்டுக்கான பெரும்பாலான பொதிகளை ஏற்பதைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. அந்த ஒரு நாட்டையே நம்பியிருந்த சிறு வணிகர்க்கு இது பெரும் பாடம். சுங்கத் தீர்வையன்றி, மாநிலந்தோறும் வேறுபடும் விற்பனை வரியும் அங்கு உண்டு; ஓரிகன், டெலவேர் முதலிய ஐந்து மாநிலங்களில் மட்டும் மாநில விற்பனை வரி இல்லை.

இவ்விடத்தில் ஒரு சோதனை எழும். "நன்கொடை என்று எழுதி அனுப்புங்கள், விலையைப் பாதியாகக் குறித்துவிடுங்கள்" என்று வாடிக்கையாளரே கேட்பதுண்டு. அதற்கு இணங்குவது பொய்யான அறிவிப்பு. பொதி பறிமுதலாகலாம், தண்டமும் விதிக்கப்படலாம். வழியில் பொதி தொலைந்தால், இழப்பீடும் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. சிராவகர்க்குரிய கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள், அரச நெறியை மீறி வாணிகம் செய்வதும் ஒன்றாக எண்ணப்பட்டிருப்பதை இங்குள்ளோர் நன்கு அறிவர். மெய்யான மதிப்பை எழுதுவது சட்டத்துக்கு அஞ்சி மட்டும் செய்வதன்று.

ஆகவே இவ்வாணிகத்தில் இறங்குவோர் மூன்று செயல்களை முதலில் முடிக்க வேண்டும். பொருளுக்குரிய எச்.எஸ். குறியீட்டை அறிதல் ஒன்று; அதன் முதல் ஆறு இலக்கங்கள் நாடுகளுக்குப் பொதுவானவை. அக்குறியீட்டைக் கொண்டு, சேரும் நாட்டின் தீர்வை விகிதத்தைப் பார்த்தல் இரண்டு. வரியும் தீர்வையும் விற்பவர் ஏற்பதா, வாங்குபவர் செலுத்துவதா என்பதை விலைக்கு அருகிலேயே தெளிவாக எழுதிவைத்தல் மூன்று. விகிதங்கள் அடிக்கடி மாறுவதால், ஒவ்வொரு புதிய நாட்டுக்கும் முதற்பொதியை அனுப்புமுன் பட்டயக் கணக்காளரிடமும் கூரியர் நிறுவனத்திடமும் கேட்டறிவது நலம்.

முகம் காணாத ஒருவர், சொன்ன சொல்லை நம்பி முன்பணம் செலுத்துகிறார். சொன்ன விலைக்கு மேல் ஒரு காசும் வாசலில் கேட்கப்படாமல் அவர் கைக்குச் சேலை சென்று சேருமானால், அவரே அடுத்த வாடிக்கையாளரை அழைத்து வருவார்.