விதியா? சட்டமா?



யுத்தம் என்றால் ராஜாக்கள் பெயரும் தளபதிகள் பெயரும்தான் நம் காதில் விழுகின்றன. நான் சொல்லப்போவது ஒரு சாதாரணச் சிப்பாயின் சங்கதி. அவர் பெயர் புக்கம் சிங். பஞ்சாபிலுள்ள மஹில்பூரில் 1893-ம் வருஷம் பிறந்தவர். ஒன்பது, பத்து வயதிலேயே பெரியவர்கள் அவருக்குக் கலியாணத்தை முடித்துவிட்டார்கள். 1907-ல், பதினான்கு வயதுப் பையனாக, பிழைப்புத் தேடிக் கப்பலேறிக் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் போய் இறங்கினார்.

அவர் இறங்கிய அதே வருஷம், இந்தியர்களுக்கு ஓட்டு இல்லை என்று அந்த மாகாணத்தார் சட்டம் செய்தார்கள். மறுவருஷம் கனடா சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. பிறந்த தேசத்திலிருந்து இடையில் எங்கும் நில்லாமல் ஒரே பிரயாணமாய் வருகிறவனுக்குத்தான் இடமுண்டு என்பது அது. அதில் இந்தியன் என்ற வார்த்தையே இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து அப்படி நேரே போகக் கப்பல் கிடையாது! போதாக்குறைக்குக் கையில் இருநூறு டாலர் காட்ட வேண்டும் என்றார்கள். மாடிக்கு வா என்று கூப்பிட்டுவிட்டு ஏணியை எடுத்துக் கொள்ளுகிற சாமர்த்தியம் இதுதான். புக்கம் சிங்கின் மனைவிக்கும் இதே கதவுதான் அடைபட்டது.

1914-ம் வருஷம் கோமகட்டா மாரு என்ற கப்பலில் 376 இந்தியர்கள் வான்கூவர் துறைமுகத்திற்கு வந்தார்கள். இரண்டு மாதம் அவர்களைத் தண்ணீரிலேயே நிறுத்தி வைத்து, ஏறக்குறைய 350 பேரைத் திருப்பியனுப்பினார்கள். அது நடந்து பதினைந்து நாள் ஆவதற்குள் ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது.

இப்பொழுது சர்க்காருக்கு ஆள் வேண்டும். 1915-ல் புக்கம் சிங் கனடா பட்டாளத்தில் சேர்ந்தார். அந்த யுத்தத்தில் கனடாவுக்காகப் போரிட்டதாகத் தெரியவரும் சீக்கியர்கள் சுமார் பத்துப் பேர்தான். அவர்களில் இவர் ஒருவர். 1916-ல் போர்முனையில் இரண்டு தடவை காயம்பட்டார். முதல் காயம் ஆறியதும் மறுபடி சண்டைக்குப் போனவர் அவர். பிறகு இங்கிலாந்தில் சிகிச்சையிலிருக்கும்போது க்ஷயரோகம் பிடித்துக் கொண்டது. கனடாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டு, கிச்சனர் நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியில் 1919 ஆகஸ்ட் 27-ந் தேதி மாண்டார். வயது இருபத்தைந்து. மனைவியோ பஞ்சாபில்.

இதைக் கேட்ட ஒரு பெரியவர் என்னிடம், "எல்லாம் அவன் தலைவிதியப்பா" என்றார். தோழர்களே! உங்களைக் கேட்கிறேன். அந்தப் பெண்ணைச் சிறுமியாயிருக்கும்போதே தாலி கட்டிக் கொடுத்தது விதியா, ஊர் வழக்கமா? அவள் கப்பலேற முடியாமற் செய்தது அவளுடைய ஜாதகமா, சர்க்கார் காகிதமா? வழக்கத்தை உண்டாக்கியவனும் மனிதன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டவனும் மனிதன். அந்தக் காகிதத்துக்குத் தேதி உண்டு. பிரம்மாவின் எழுத்துக்குத் தேதி போட்டு எவனாவது காட்டியதுண்டா?

விதியெழுத்தை அழிக்க முடியாது என்கிறார்கள். இந்த எழுத்து அழிந்ததே! மனைவி மக்களை அழைத்துக் கொள்ளலாம் என்று 1918-ல் லண்டனில் நடந்த ஏகாதிபத்திய யுத்த மகாநாட்டில் ஒப்புக் கொண்டார்கள். அது சரிவர நடைமுறைக்கு வருவதற்குள் புக்கம் சிங் செத்துப் போனார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்தியர்களுக்கு ஓட்டு 1947-ல் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது? நேர்த்திக்கடன் செலுத்தியா? இல்லை. மனுப்போட்டு, கூட்டம் கூட்டி, பல வருஷம் விடாமல் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

அவருடைய யுத்த மெடல் எப்படியோ கைமாறி, 2007-ல் இங்கிலாந்தில் ஓர் அடகுக்கடையில் அகப்பட்டது. அதை வாங்கிய சீக்கிய சரித்திர ஆராய்ச்சியாளர் ஒருவர் விசாரித்துப் போய், கிச்சனரில் அவருடைய கல்லறையைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு அங்கே நவம்பர் மாதத்தில் ஜனங்கள் கூடி மரியாதை செய்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் செத்தவனுக்குப் போடுகிற மாலையில், உயிரோடிருந்தபோது மறுத்த உரிமைக்குப் பதில் கிடையாது.

ஆகையால் தோழர்களே, இனி உங்கள் ஊரில் யாராவது ஒரு கஷ்டத்தைக் காட்டி "விதி" என்று சொன்னால், அதை எழுதியவன் எவன், எந்த வருஷம் எழுதினான் என்று கேளுங்கள். ஆள் அகப்பட்டானென்றால் அது விதியல்ல. மாற்றக்கூடிய காரியம் என்று தெரிந்து கொள்ளுங்கள்.