ஏறுகிறவனும் இறங்குகிறவனும்

நடுவர் அவர்களே! "மலை எல்லாருக்கும் பொது, வருகிற வண்டிக்கு எதற்குக் கணக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். நான் சேலத்துக்காரன். ஏற்காடு எனக்குப் பக்கத்து வீடு மாதிரி. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஊர்.

ஒரு மே மாத ஞாயிறு, குடும்பத்தோடு காரில் போனேன். ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தோம், நிறுத்த இடமில்லை. ரெண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்காரம்மா கேட்டாங்க: "ஏங்க, இப்படி உட்காரத்தான் நம்ம வீட்டுலயே நாற்காலி இருக்கே!" (சிரிப்பு)

சிரிக்கலாம் ஐயா. ஆனா மலைப்பாதையில், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடணும். நல்ல விதிதான். ஏறுகிறவன் யாரு? வேடிக்கை பார்க்கப் போகிற நான். இறங்குகிறவன்? நெஞ்சுவலி வந்த அப்பாவை ஜீப்பில் படுக்க வைத்து, சேலம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடி வருகிற மலைக்கிராமத்துப் பிள்ளை!

கோடை விழாவில் இறங்குகிற வண்டிகளைப் போலீஸ் குப்பனூர்ப் பாதையில் திருப்பிவிடுவதுண்டு. பாதையைப் பிரிக்கலாம், மேலே இடத்தை யார் பெருக்குவது? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று கணக்கே வைத்தார்கள். ஏற்காட்டுக்கு மட்டும் என்ன? காரை அடிவாரத்தில் விடு, பஸ்ஸில் ஏறு!

"கடைக்காரர் பிழைப்பு?" என்பார் நண்பர். பஸ்ஸில் வந்தவனுக்குப் பசிக்காதா? அன்றைக்குக் காரில் போன நான் இறங்கி ஒரு டீ கூடக் குடிக்கவில்லை ஐயா! (கைதட்டல்)