சாதி எந்தப் பாடத்தில் வரும்?

(விருதுநகர் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உளவியலையும் மதத்தையும் சேர்த்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். படிக்கணும். ஆனால் எங்கே நின்றுகொண்டு படிக்கப்போறோம்?

நான் வங்கிக் குமாஸ்தா. பயராபீஸ் வெடிவிபத்தில் புருசனைப் பறிகொடுத்த ஒரு அக்கா, நட்டஈட்டுக் காசோலையோடு கணக்குத் தொடங்க வந்தாங்க. கைநாட்டு வைக்கும்போது சொன்னாங்க: "போன வருசம் குலசாமிக்குப் பொங்க வைக்கல தம்பி. அதான் கொண்டுபோயிருச்சு." உளவியல் புத்தகம் இதைக் குற்றவுணர்வு என்னும். மதப் புத்தகம் நம்பிக்கை என்னும். அந்த அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், எவ்வளவு மருந்து கிடந்தது என்று ரெண்டு புத்தகமும் கேட்காது.

இந்தப் படிப்பின் மூலநூல்களில் ஒன்று, அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ் எடின்பரோவில் ஆற்றிய உரைகள், 1902இல் நூலாயின. அவர் எடுத்துக்கொண்ட மதம், தனிமையில் இருக்கும் தனிமனிதனின் அனுபவம். நம்ம ஊர்ச் சாமி தனிமையிலா இருக்கு? தேர் எந்தத் தெருவுக்குள் வரும், எந்தத் தெருவுக்குள் வராது என்பதில் இருக்கு.

அந்த விடுபட்ட பக்கத்தை எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். 1936இல் லாகூரில் பேசவிடாமல் செய்யப்பட்ட உரையை அவரே அச்சிட்டார். சாதி செங்கல் சுவரல்ல, ஒரு மனநிலை. அதற்குப் புனிதம் தருவது சாஸ்திரம் என்று வாதிட்டார். உளவியலும் மதமும் சேர்ந்த பாடம் இதைவிட வேறென்ன?

1981இல் அன்றைய நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் நம் மக்கள் இஸ்லாம் தழுவினார்கள். தலைவர்களும் நிருபர்களும் படையெடுத்தார்கள். ஏன் மாறினீர்கள், பணமா என்றார்கள். மாறியவர் மனசை ஆராய்ந்தது சரி. மாறவைத்தவர் மனசை ஆராய வேண்டாமா?

இதோ பக்கத்தில் சிவகாசி. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட நாடார்கள் 1899 கலவரத்தில் தாக்கப்பட்ட ஊர். அவமானப்பட்ட மனசு இன்னொருத்தன் அவமானத்தைப் புரிஞ்சுக்குமா, இல்லை தனக்குக் கீழே ஒருத்தனைத் தேடுமா? எது அதைத் தீர்மானிக்குது? உங்களில் ஒருத்தர் இதை ஆய்வுத் தலைப்பாக எடுக்கணும். இது உளவியல் இல்லை, சமூகவியல் என்று ஒரு துறை தள்ளும். இது சமயமே இல்லை என்று இன்னொரு துறை தள்ளும். விடாதீங்க.

ரெண்டு துறைக்கும் நடுவில் அந்த அக்கா கைநாட்டு மை காயாமல் நிக்கிறாங்க. "கொன்னது குலசாமி இல்லக்கா" என்று சொல்ல அன்னைக்கு எனக்கு வாய் வரலை. நீங்க படிச்சிட்டு வந்து சொல்லுங்க.