மறதியே இல்லாத ‘மறதி நோய்’

இன்னைக்கு எங்க வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் தாத்தாவுக்கு 76 வயசு. பென்ஷன் கணக்கு, பேரப்பிள்ளைங்க பிறந்தநாள் எல்லாம் மனப்பாடம். ஒருநாள் சாயங்காலம் பாட்டிகிட்ட, “அந்தப் பிள்ளைங்க ரொம்ப நேரமா நிக்குதுங்க, ஏதாவது சாப்பிடக் குடு”ன்னார். ஹால்ல யாருமே இல்லை. பாட்டி பயந்துபோய் விபூதி பூசிவிட்டாங்க. நான், “ஞாபகம் நல்லாத்தானே இருக்கு, டிமென்ஷியாவா இருக்காது”ன்னு எல்லாருக்கும் தைரியம் சொன்னேன். அங்கதான் தப்பு பண்ணினேன்.

டிமென்ஷியாவைத் தமிழ்ல ‘மறதி நோய்’னு சொல்லிப் பழகிட்டோம். அல்சைமர்ல பெரும்பாலும் மறதிதான் முதல்ல தெரியும். அதிகமா வர்ற வகையும் அதுதான். ஆனா மத்த வகைகள் வேற வாசல் வழியா நுழையும்.

தாத்தாவுக்கு வந்தது லூயி பாடி டிமென்ஷியா. ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதம் மூளை செல்களுக்குள் கட்டி கட்டியாகச் சேரும். இல்லாத மனுஷங்க, விலங்குகள் எல்லாம் தத்ரூபமாகக் கண்ணுக்குத் தெரியும். காலையில் தெளிவாகப் பேசுறவர் மத்தியானம் குழம்பிப்போவார். பார்கின்சன் மாதிரி உடம்பு இறுகி, நடை தளரும். இதுக்கெல்லாம் பல வருஷம் முன்னாடியே தூக்கத்தில் கத்துறது, கை கால் வீசுறது வரலாம். தாத்தா அப்படிச் செஞ்சதைச் சொல்லிச் சொல்லி நாங்க சிரிச்சிருக்கோம். நடிகர் ராபின் வில்லியம்ஸுக்கும் லூயி பாடி நோய் இருந்தது. 2014-ல் அவர் இறந்த பிறகு, பிரேதப் பரிசோதனையில்தான் அது தெரிஞ்சது.

இன்னொரு வகை, ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியா. பெரும்பாலும் 45-லிருந்து 65 வயசுக்குள்ளேயே ஆரம்பிக்கும். மறதிக்கு முன்னாடி குணம் மாறும். இல்லைன்னா பேச்சு தடுமாறும். அக்கறையா இருந்த அப்பா திடீர்னு எதையும் கண்டுக்கலைன்னா, ‘திமிரு’ன்னு முடிவு கட்டிடுவோம். புரூஸ் வில்லிஸுக்கு இந்த நோய் இருப்பதை அவர் குடும்பம் 2023-ல் அறிவிச்சது.

மூளைக்கு ரத்தம் சரியாகப் போகாததால் வருவது வாஸ்குலர் டிமென்ஷியா. பி.பி., சுகர், பக்கவாதம் இதுக்கான முக்கியக் காரணங்கள். இதைத் தடுக்க நம்மால் செய்யக்கூடியது நிறைய இருக்கு.

சரி, எந்த வகைன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? மருந்தே மாறும். இல்லாத உருவம் தெரியுதுன்னு ஹாலோபெரிடால் மாதிரி மருந்து கொடுத்தா, லூயி பாடி இருக்கிறவங்களுக்கு உடம்பு இறுகி, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால பார்த்ததை எல்லாம் தேதியோட எழுதி வெச்சு, நரம்பியல் டாக்டர்கிட்ட சொல்லுங்க. பி12, தைராய்டு டெஸ்ட்டும் எடுப்பாங்க. அதுல குறை இருந்தாலும் குழப்பம் வரும், அதைச் சரிசெய்ய வழியும் இருக்கு.

இப்பவும் அந்தப் பிள்ளைங்க எங்க வீட்டுக்கு வருவாங்க. “யாரும் இல்லையே”ன்னு நாங்க வாதாடுறதில்லை. “சாப்பிட்டுக் கிளம்பிட்டாங்க”ன்னு பாட்டி சொல்லுவாங்க. தாத்தாவும் நிம்மதியா தலையாட்டுவார்.